கர்சரைச் சிறை வைக்காதீர்கள்!

ஃபார்மில் எதைச் சரிபார்ப்பது என்பதைவிட எப்போது சரிபார்ப்பது என்பது முக்கியம்

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கிய பலருக்கும் இந்த அனுபவம் இருக்கும். ஏதோ ஒரு ஃபார்மை நிரப்பிக் கொண்டிருப்பீர்கள். தேதிக்கான கட்டத்தில் கர்சர் நிற்கும். தேதி சரியாக நினைவில்லை, மற்றவற்றை முதலில் நிரப்பலாம் என்று அடுத்த கட்டத்தில் மவுஸை வைத்து கிளிக் செய்வீர்கள். உடனே "தவறான தேதி" என்று ஒரு மெசேஜ் பாக்ஸ் வந்து நிற்கும். ஓகே கொடுத்தால் கர்சர் பழைய கட்டத்துக்கே திரும்பிவிடும். வேண்டாம் என்று கேன்சல் பட்டனை அழுத்தினாலும் அதே மெசேஜ். மூலையில் உள்ள எக்ஸ் குறியை அழுத்தினாலும் அதே மெசேஜ். கடைசியில் வாய்க்கு வந்த ஒரு தேதியைப் போட்டுவிட்டு வெளியே வருவீர்கள்.

இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. அந்த ஃபார்மை எழுதியவரின் தவறு அது. இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம், நானும் அப்படி ஒரு ஃபார்மை எழுதியிருக்கிறேன். அதனால் என்ன நடந்தது, அதை எப்படிச் சரி செய்தேன் என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம். புரோகிராமிங் தெரியாதவர்களும் பயப்பட வேண்டாம். கடைசிப் பகுதியில் எக்ஸெலில் இதே விஷயத்தை ஐந்து நிமிடத்தில் செய்து பார்க்க வழி சொல்லியிருக்கிறேன். திரையில் ஆங்கிலத்தில் இருக்கும் சொற்களை அவற்றின் ஒலிப்பிலேயே தமிழில் எழுதியிருக்கிறேன். படித்துக் கொண்டே திரையில் தேடினால் எளிதாகக் கண்டுபிடித்துவிடலாம்.

வேலிடேஷன் என்றால் என்ன?

நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போய் வந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். மூட்டையை எடை போடும் முன் நெல்லில் கொஞ்சம் மாதிரி எடுத்து ஈரப்பத மானியில் வைத்துப் பார்ப்பார்கள். அளவுக்குள் இருந்தால் எடை மேடைக்குப் போகும். இல்லாவிட்டால் களத்தில் கொட்டிக் காயவைக்க வேண்டும். இந்தச் சோதனைதான் வேலிடேஷன். கம்ப்யூட்டருக்குள் ஒரு தகவல் போகும் முன் அது ஏற்கத்தக்கதா என்று பார்ப்பது.

இந்தச் சோதனையை எந்த இடத்தில் வைப்பது? அறுவடை இயந்திரம் வயலில் ஓடிக் கொண்டிருக்கும்போதே ஒருவர் குறுக்கே வந்து ஈரப்பதம் பார்த்தால் அறுப்பு நடக்காது. எல்லா மூட்டையையும் கிடங்கில் அடுக்கிய பிறகு பார்த்தால் ஈர நெல்லும் காய்ந்த நெல்லும் கலந்துவிட்டிருக்கும். நடுவில் சரியான ஓர் இடம் இருக்கிறது. ஃபார்மும் அப்படித்தான். அதில் சரிபார்க்க நான்கு நேரங்கள் உண்டு.

1. கீயை அழுத்தும்போதே. எண் கட்டத்தில் எழுத்தை அடித்தால் எழுத்தே விழாது.

2. கட்டத்தை விட்டு வெளியேறும்போது. டேப் கீயை அழுத்தியவுடன் அந்தக் கட்டத்தை மட்டும் பார்ப்பது.

3. சேமிக்கும்போது. சேவ் பட்டனை அழுத்தியதும் எல்லாக் கட்டங்களையும் சேர்த்துப் பார்ப்பது.

4. சேமித்த பிறகு. நாள் முடிவில் பட்டியலைப் போட்டுப் பார்த்து, சந்தேகமானவற்றைக் குறிப்பது.

புதிதாக புரோகிராம் எழுதுபவர்கள் எல்லாவற்றையும் இரண்டாவது நேரத்திலேயே, அதுவும் கண்டிப்பாக, செய்துவிடுவார்கள். நான் செய்ததும் அதுதான்.

எல்லா நெல்லும் பதினேழா?

எங்கள் ஊர் தஞ்சாவூர் பக்கம். சில வருடங்களுக்கு முன் எங்கள் பகுதியில் ஒரு நெல் அரவை ஆலைக்காக, தெரிந்தவர் கேட்டுக் கொண்டதால், ஒரு சின்ன புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். வரும் நெல்லைப் பதிவு செய்ய வேண்டும், அவ்வளவுதான். விவசாயி பெயர், ஊர், நெல் ரகம், ஈரப்பதம், மூட்டை எண்ணிக்கை, மொத்த எடை என்று ஆறு கட்டங்கள்.

அரசு கொள்முதலில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது டெல்டாவில் சிறு பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு. ஆலையிலும் அதையே அளவுகோலாகச் சொன்னார்கள். நானும் அதை அப்படியே கோடில் எழுதிவிட்டேன். ஈரப்பதக் கட்டத்தில் 17க்கு மேல் போட்டால் மெசேஜ் பாக்ஸ் வரும், கர்சர் நகராது. "தப்பான தகவல் உள்ளே போகவே முடியாது" என்று எனக்கு அதில் ஒரு பெருமை வேறு.

2023 பிப்ரவரி முதல் வாரத்தில் டெல்டாவில் பருவம் தவறி மழை கொட்டியது. சம்பா, தாளடி அறுவடை நேரம். அறுத்த நெல் களத்தில் நனைந்தது, அறுக்காத நெல் வயலில் சாய்ந்தது. ஆலை வாசலில் டிராக்டர்கள் வரிசையில் நின்றன. இரண்டு வாரம் கழித்து நான் ஊருக்கு வந்தபோது முதலாளி என்னைக் கூப்பிட்டு அச்சடித்த பட்டியலை நீட்டினார்.

"தம்பி, இந்த மழையில வந்த நெல்லு. நூத்துக்கு மேல வரவு. எல்லாம் பதினேழா?"

பார்த்தேன். ஈரப்பதம் என்ற பத்தியில் மேலிருந்து கீழ்வரை 17, 17, 17. ஆபரேட்டர் அக்காவிடம் கேட்டேன்.

"என்ன தம்பி பண்ணச் சொல்றீங்க? மீட்டர்ல பத்தொன்பதரை காட்டுது. போட்டா உங்க பெட்டி ஆளை விடவே மாட்டேங்குது. வெளியில பெரியவர் ஒருத்தர் மழையில நனைஞ்சுகிட்டு நிக்கிறாரு. பதினேழுன்னு போட்டாத்தான் அடுத்த கட்டத்துக்கே போகுது. போட்டேன்."

அந்த ஆலையில் ஈர நெல்லைத் திருப்பி அனுப்புவதில்லை. விலையைக் கொஞ்சம் குறைத்து வாங்கி, தனியாகக் காயவைப்பார்கள். எதைத் தனியாகக் காயவைக்க வேண்டும் என்று தெரிந்து கொள்ளத்தான் ஈரப்பதமே பதிவாகிறது. என் ஃபார்ம் அந்தத் தகவலை அழித்துவிட்டது. ஈரமான மூட்டைகள் காய்ந்தவற்றோடு சேர்ந்து அடுக்கப்பட்டன. ஈர நெல்லைக் குவித்து வைத்தால் உள்ளுக்குள் சூடேறும், அரிசி மஞ்சளாகும் என்பது இங்கே யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. அடுக்கைப் பிரித்து, மூட்டை மூட்டையாக மறுபடி ஈரம் பார்க்க ஆட்களுக்கு நான்கு நாள் ஆனது. சில மூட்டைகளைக் காப்பாற்ற முடியவில்லை.

அக்காவைக் குறை சொல்ல எதுவும் இல்லை. உண்மையைச் சொன்னால் கதவைத் திறக்காத ஃபார்ம், பொய்யைச் சொல்ல வைக்கிறது. அன்று நான் கற்றுக் கொண்டது இதைத்தான். தவறான தகவலைத் தடுக்க நினைத்து, சரியான தகவலைத்தான் தடுத்திருக்கிறேன்.

பழைய விஷுவல் பேசிக்கில் இருந்த சிக்கல்

இந்தப் பிரச்சினை புதிது அல்ல. விஷுவல் பேசிக் 5 வரை, ஒரு கட்டத்தை விட்டு வெளியேறும்போது சரிபார்க்க லாஸ்ட் ஃபோகஸ் என்ற ஈவென்ட்டைத்தான் பயன்படுத்தினார்கள். ஈவென்ட் என்றால், புரோகிராமில் ஏதாவது நடக்கும்போது தானாக ஓடும் கோடு. லாஸ்ட் ஃபோகஸ் ஓடும்போது கர்சர் ஏற்கனவே அடுத்த கட்டத்துக்குப் போயிருக்கும். பிடித்து இழுத்து வர வேண்டும். அப்படி இழுக்கும்போது இரண்டாவது கட்டத்தின் லாஸ்ட் ஃபோகஸ் ஓடும். அதுவும் காலியாக இருந்தால் அது தன் பக்கம் இழுக்கும். இரண்டு மாடுகள் ஒரே நுகத்தடியில் எதிரெதிராக இழுப்பது போல மெசேஜ் பாக்ஸ் மாறி மாறி வந்து கொண்டே இருக்கும். டாஸ்க் மேனேஜரைத் திறந்து புரோகிராமையே நிறுத்துவதுதான் கடைசி வழி.

1998ல் வந்த விஷுவல் பேசிக் 6ல் மைக்ரோசாஃப்ட் இதற்கு ஒரு வழி செய்தது. வேலிடேட் என்ற ஈவென்ட்டும், காஸஸ் வேலிடேஷன் என்ற ப்ராபர்ட்டியும் சேர்ந்தன. பின்னர் டாட் நெட்டில் இவை வேலிடேட்டிங், வேலிடேட்டட் என்று இரண்டு ஈவென்ட்டுகளாக விரிந்தன. 2005ல் வந்த டாட் நெட் 2.0 பதிப்பில் ஆட்டோ வேலிடேட் என்ற ப்ராபர்ட்டியும் சேர்ந்தது. இந்த மூன்றையும் புரிந்து கொண்டால் சரிபார்க்கும் நேரம் உங்கள் கையில்.

செய்து பார்ப்போம்

விஷுவல் ஸ்டுடியோ கம்யூனிட்டி என்ற பதிப்பைத் தனிநபர்கள் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இலவசமாக இறக்கிக் கொள்ளலாம். இன்ஸ்டால் செய்யும்போது டாட் நெட் டெஸ்க்டாப் டெவலப்மென்ட் என்பதை டிக் செய்யுங்கள். பிறகு புதிய ப்ராஜெக்ட் ஒன்றில் விஷுவல் பேசிக் மொழியையும், விண்டோஸ் ஃபார்ம்ஸ் ஆப் என்பதையும் தேர்ந்தெடுங்கள். ஒரு காலி ஃபார்ம் தோன்றும்.

படி 1: டூல் பாக்ஸிலிருந்து பெயர், ஈரப்பதம், மூட்டை, எடை ஆகிய நான்குக்கும் நான்கு டெக்ஸ்ட் பாக்ஸ்களை இழுத்துப் போடுங்கள். கீழே "சேமி", "வேண்டாம்" என்று இரண்டு பட்டன்கள். அதே டூல் பாக்ஸிலிருந்து எரர் புரொவைடர் என்பதையும் இழுத்துப் போடுங்கள். அது ஃபார்மில் தெரியாது, கீழே உள்ள பட்டையில் போய் உட்காரும். தவறான கட்டத்தின் பக்கத்தில் ஒரு சிறிய சிவப்புக் குறியைக் காட்டுவது இதன் வேலை. மவுஸை அதன்மேல் வைத்தால் என்ன தவறு என்று எழுத்தில் காட்டும். மெசேஜ் பாக்ஸ் போலக் குறுக்கே வந்து நிற்காது.

படி 2: ஈரப்பதக் கட்டத்தின் வேலிடேட்டிங் ஈவென்ட்டில் சோதனையை எழுதுங்கள். எழுதியிருப்பது எண்தானா, 0க்கும் 100க்கும் இடையில் உள்ளதா என்று பாருங்கள். இல்லையென்றால் எரர் புரொவைடரில் செய்தியை வைத்து, இ.கேன்சல் = ட்ரூ என்று எழுதுங்கள். "இந்தக் கட்டம் தேறவில்லை" என்று அதற்குப் பொருள். சரியாக இருந்தால் எரர் புரொவைடரில் காலிச் செய்தியை வையுங்கள். இதை மறந்தால் தவறைத் திருத்திய பிறகும் சிவப்புக் குறி போகாது. பலரும் சறுக்கும் இடம் இது.

இன்னொரு சின்ன உதவி. சிலர் 19.4 என்று போடாமல் கூடவே சதவீதக் குறியையும் போடுவார்கள். எண்ணுக்கு முன்னும் பின்னும் இடைவெளி விடுவார்கள். அதற்கெல்லாம் தவறு என்று சொல்லாதீர்கள். குறியையும் இடைவெளியையும் நீங்களே நீக்கிவிட்டுச் சோதியுங்கள். கம்ப்யூட்டரால் செய்ய முடிந்த வேலையை மனிதரிடம் கேட்க வேண்டாம்.

படி 3: இப்போது புரோகிராமை ஓட்டிப் பாருங்கள். ஈரப்பதத்தில் "அதிகம்" என்று எழுதிவிட்டு டேப் கீயை அழுத்துங்கள். கர்சர் நகராது. நாம் சொன்ன சிறை இதுதான். ஃபார்மின் ப்ராபர்ட்டி விண்டோவில் ஆட்டோ வேலிடேட் என்பதைப் பாருங்கள். எனேபிள் பிரிவென்ட் ஃபோகஸ் சேஞ்ச் என்று இருக்கும். மாறாத நிலையில் வருவது இதுதான். இதை எனேபிள் அலவ் ஃபோகஸ் சேஞ்ச் என்று மாற்றுங்கள். மறுபடி ஓட்டுங்கள். சிவப்புக் குறி தோன்றும், ஆனால் கர்சர் அடுத்த கட்டத்துக்குப் போய்விடும். கோடில் ஒரு வரிகூட மாற்றவில்லை, ஃபார்மின் குணமே மாறிவிட்டது.

படி 4: "கர்சரை விட்டுவிட்டால் தவறான தகவல் சேமிக்கப்பட்டுவிடாதா?" என்று கேட்பீர்கள். சேமி பட்டனின் கிளிக் ஈவென்ட்டில் முதல் வேலையாக வேலிடேட் சில்ட்ரன் என்ற கட்டளையை அழைக்க வேண்டும். அது எல்லாக் கட்டங்களின் வேலிடேட்டிங் ஈவென்ட்டையும் ஒருமுறை ஓட்டிப் பார்க்கும். ஒன்றாவது தேறாவிட்டால் ஃபால்ஸ் என்ற விடை வரும். அப்போது சேமிக்காமல் திரும்பிவிடுங்கள்.

இதில் இன்னொரு நன்மை உண்டு. வேலிடேட்டிங் ஈவென்ட் கர்சர் போய் வந்த கட்டத்துக்குத்தான் ஓடும். ஒருவர் பெயர்க் கட்டத்தைத் தொடாமலே நேராக மூட்டைக் கட்டத்தைக் கிளிக் செய்து நிரப்பினால், பெயர் காலியாக இருப்பதை யாரும் கேட்கமாட்டார்கள். வேலிடேட் சில்ட்ரன் தொடாத கட்டத்தையும் பார்க்கும். ஆக, "காலியாக இருக்கக் கூடாது" என்ற சோதனை உண்மையில் வேலை செய்யும் நேரம் சேமிக்கும் நேரம்தான்.

படி 5: வேண்டாம் பட்டனின் காஸஸ் வேலிடேஷன் என்ற ப்ராபர்ட்டியை ஃபால்ஸ் ஆக்குங்கள். பலர் குழம்பும் இடம் இது. இந்த ப்ராபர்ட்டியை வைக்க வேண்டியது சோதிக்கப்படும் கட்டத்தில் அல்ல, கர்சர் போய்ச் சேரும் பட்டனில். "என்னிடம் வருபவரைச் சோதிக்க வேண்டாம்" என்று அந்தப் பட்டன் சொல்கிறது. ஹெல்ப் பட்டன் வைத்திருந்தால் அதற்கும் ஃபால்ஸ். என்ன நிரப்புவது என்று தெரியாமல்தானே ஒருவர் ஹெல்ப் கேட்கிறார்! அவரிடம் "முதலில் சரியாக நிரப்பு" என்று சொல்வது நியாயமில்லை.

படி 6: எக்ஸ் குறி. ஃபார்மை மூடும்போதும் வேலிடேஷன் ஓடும். ஃபார்ம் குளோசிங் ஈவென்ட்டில் இ.கேன்சல் = ஃபால்ஸ் என்று எழுதினால் கதவு திறந்துவிடும். வேண்டாம் பட்டனில் மீ.குளோஸ் என்று எழுதி மூடினாலும் இந்த வரி தேவை. காஸஸ் வேலிடேஷனை மாற்றியும் ஃபார்ம் மூட மறுக்கிறதே என்று அரை நாள் தலையைப் பிய்த்துக் கொண்டவன் நான்.

படி 7: மேலே மெனுவோ டூல் ஸ்ட்ரிப்போ வைத்து அதில் ஒரு சேவ் ஐகான் போட்டிருந்தால் எதிர்ப்பக்கச் சிக்கல் வரும். அந்த ஐகானைக் கிளிக் செய்யும்போது கர்சர் கட்டத்தை விட்டு வெளியேறாது, அதனால் சோதனையே ஓடாது. அதனால்தான் விஷுவல் ஸ்டுடியோ தானாக எழுதித் தரும் டேட்டாபேஸ் சேவ் கோடில் முதல் வரியாக மீ.வேலிடேட் என்று இருக்கும். தேவையில்லாத வரி என்று அதை அழித்துவிடாதீர்கள்.

தவறும் எச்சரிக்கையும் ஒன்றல்ல

மேலே உள்ள சோதனையில் 17 என்ற எண் வரவே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? காரணமாகத்தான் விட்டேன். "அதிகம்" என்று எழுதினால் அது ஈரப்பதமே அல்ல. 194 என்று எழுதினால் புள்ளி விட்டுப் போயிருக்கிறது. இவை தவறுகள். ஆனால் 19.4 என்பது தவறு அல்ல. மீட்டர் காட்டியது அதுதான். அது உண்மை, நமக்குப் பிடிக்காத உண்மை. பிடிக்காத உண்மையையும் தவறையும் ஃபார்ம் ஒரே மாதிரி நடத்தக் கூடாது.

இன்னொரு எரர் புரொவைடரைப் போட்டு, அதன் ஐகான் ப்ராபர்ட்டியில் மஞ்சள் குறி ஒன்றை வையுங்கள். 17க்கு மேல் இருந்தால் இ.கேன்சலைத் தொடாமல், மஞ்சள் குறியை மட்டும் காட்டுங்கள். "ஈரம் அதிகம். காயவைக்கும் அடுக்குக்கு அனுப்பவும்" என்று செய்தி. ஆபரேட்டர் பார்ப்பார், உண்மையான எண்ணோடு பதிவாகும், மூட்டை சரியான இடத்துக்குப் போகும்.

அந்த 17ஐயும் கோடுக்குள் புதைக்கக் கூடாது. மழைக்காலங்களில் அந்த வரம்பே மாறியிருக்கிறது. 2022 அக்டோபரில் தமிழ்நாட்டுக்கு 19 சதவீதம் வரையும், 2023 பிப்ரவரி மழைக்குப் பின் டெல்டாவுக்கு 20 சதவீதம் வரையும் மத்திய அரசு தளர்வு கொடுத்தது. குறைந்தபட்ச ஆதரவு விலையும் வருடந்தோறும் மாறும். 2024-25 பருவத்தில் பொது ரகத்துக்குக் குவிண்டாலுக்கு 2300 ரூபாய், 'ஏ' கிரேடு ரகத்துக்கு 2320 ரூபாய். 2025-26ல் அவை 2369, 2389 ஆயின. இப்படி மாறும் எண்களை ப்ராஜெக்டின் செட்டிங்ஸ் பக்கத்திலோ ஒரு சிறு டேபிளிலோ வையுங்கள். நீங்கள் சென்னையில் இருக்கும்போது ஊரில் மழை பெய்தால், வரம்பை மாற்ற உங்களுக்காக யாரும் காத்திருக்க வேண்டியதில்லை.

நியூமரிக் அப் டவுன்: ஓர் எச்சரிக்கை

"எண் கட்டத்துக்கு நியூமரிக் அப் டவுன் என்ற கண்ட்ரோல் இருக்கிறதே, அதில் மேக்ஸிமம் கொடுத்துவிட்டால் போதாதா?" என்று சிலர் கேட்பார்கள். கவனமாக இருங்கள். மேக்ஸிமம் 17 என்று வைத்துவிட்டு, 19.4 என்று தட்டி டேப் அழுத்திப் பாருங்கள். எந்த மெசேஜும் வராது. எண் தானாக 17 என்று மாறிவிடும்! என் பழைய ஃபார்ம் அக்காவைப் பொய் சொல்ல வைத்தது. இதில் கம்ப்யூட்டரே சத்தமில்லாமல் அந்தப் பொய்யைச் சொல்லிவிடும். இந்தக் கண்ட்ரோலைப் பயன்படுத்தினால் மேக்ஸிமத்தை 100 என்றே விட்டு, டெசிமல் ப்ளேஸஸ் என்பதை 1 ஆக்கி, எச்சரிக்கையைத் தனியாகக் கொடுங்கள்.

கீயை அழுத்தும்போதே தடுக்கும் முறையிலும் ஓட்டை உண்டு. கீ பிரஸ் ஈவென்ட்டில் எழுத்துகளைத் தடுத்தாலும், மவுஸின் வலது பட்டனை அழுத்தி பேஸ்ட் செய்தால் எதுவும் உள்ளே வரும். எனவே அது வசதிக்கு மட்டும், காவலுக்கு அல்ல.

இரண்டு கட்டங்கள் சேர்ந்து வரும் சோதனை

தஞ்சாவூர் பக்கத்தில் மூட்டை என்றால் வழக்கத்தில் 60 கிலோ. அரசு கொள்முதலில் சிப்பம் 40 கிலோ. 62 மூட்டை, 3720 கிலோ என்றால் அறுபது கிலோ மூட்டை. 62 மூட்டை, 2480 கிலோ என்றால் நாற்பது கிலோ சிப்பம். 26 மூட்டை, 3720 கிலோ என்று வந்தால் யாரோ 62ஐத் திருப்பிப் போட்டுவிட்டார்கள்.

இந்தச் சோதனையை மூட்டைக் கட்டத்தை விட்டு வெளியேறும்போது செய்ய முடியாது, எடை இன்னும் நிரப்பப்படவில்லை. எடைக் கட்டத்தில் செய்தால், தவறு மூட்டைக் கட்டத்தில் இருக்க, கர்சர் எடைக் கட்டத்தில் மாட்டிக் கொள்ளும். ஒன்றுக்கு மேற்பட்ட கட்டங்களைச் சேர்த்துப் பார்க்கும் சோதனைகளுக்கு உரிய நேரம் எப்போதும் சேமிக்கும் நேரம்தான்.

புரோகிராமிங் இல்லாமல்: எக்ஸெலில்

வீட்டில் விவசாயக் கணக்கை எக்ஸெலில் எழுதுபவர்கள் பலர். அதிலும் இதே வசதி இருக்கிறது. ஈரப்பதம் எழுதும் பத்தியைத் தேர்வு செய்யுங்கள். டேட்டா டேபில் டேட்டா வேலிடேஷன் என்பதைக் கிளிக் செய்யுங்கள். வரும் விண்டோவில் மூன்று டேப்கள் இருக்கும்.

செட்டிங்ஸ்: அலவ் என்பதில் டெசிமல், கீழே 0 முதல் 17 வரை.

இன்புட் மெசேஜ்: கட்டத்துக்குள் போனவுடன், தட்டத் தொடங்கும் முன்பே, தோன்றும் குறிப்பு. "மீட்டரில் உள்ளபடி எழுதவும்" என்று போடுங்கள். தவறு நடக்கும் முன்பே சொல்லும் வழி இது.

எரர் அலெர்ட்: இங்கே ஸ்டைல் என்பதில் ஸ்டாப், வார்னிங், இன்ஃபர்மேஷன் என்று மூன்று. ஸ்டாப் வைத்தால் 19.4 உள்ளே போகாது. வார்னிங் வைத்தால் "தொடரவா?" என்று கேட்கும், யெஸ் கொடுத்தால் ஏற்றுக் கொள்ளும். இன்ஃபர்மேஷன் தகவல் மட்டும் சொல்லும். நம் நெல் கணக்குக்கு வார்னிங்தான் சரி.

வேறு இடத்திலிருந்து காப்பி செய்து பேஸ்ட் செய்தால் எக்ஸெல் சோதிக்காது. அதற்கும் வழி உண்டு. டேட்டா வேலிடேஷன் பட்டனின் பக்கத்து அம்புக்குறியைக் கிளிக் செய்தால் சர்க்கிள் இன்வேலிட் டேட்டா என்று இருக்கும். அழுத்தினால் வரம்பைத் தாண்டிய எண்களைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போடும். நாம் சொன்ன நான்காவது நேரம், சேமித்த பிறகு பார்ப்பது, இதுதான்.

பயிற்சியாக நிலப் பரப்புக்கு ஒரு பத்தி வைத்துப் பாருங்கள். பெரியவர்கள் "அஞ்சு மா" என்பார்கள், பத்தியின் தலைப்போ ஏக்கர் என்று இருக்கும். ஏறத்தாழ மூன்று மா ஓர் ஏக்கர். ஐந்து என்று அப்படியே தட்டினால் நிலம் மூன்று மடங்காகிவிடும். உங்கள் குடும்ப நிலத்துக்கு ஏற்ற வரம்பை வார்னிங்காக வைத்து, "மாவா, ஏக்கரா?" என்று கேட்கச் செய்யுங்கள்.

நினைவில் வைக்க

* கீ அழுத்தும்போது: எழுத்தா எண்ணா என்பது மட்டும். இதை நம்பியிருக்க வேண்டாம்.
* கட்டத்தை விடும்போது: அந்த ஒரு கட்டம் மட்டும். குறி காட்டுங்கள், கர்சரைப் பிடித்து வைக்காதீர்கள்.
* சேமிக்கும்போது: காலிக் கட்டங்கள், ஒன்றோடொன்று பொருந்த வேண்டியவை. இங்கே கண்டிப்பு இருக்கலாம்.
* சேமித்த பிறகு: ஒரே எண் திரும்பத் திரும்ப வருகிறதா என்று பட்டியலைப் பாருங்கள். வந்தால் ஆபரேட்டரைக் கேட்பதற்கு முன் உங்கள் ஃபார்மைச் சந்தேகியுங்கள்.
* வேண்டாம், ஹெல்ப், எக்ஸ்: இவற்றுக்குச் சோதனையே கூடாது.

ஆலைக்குத் திருத்திக் கொடுத்த ஃபார்மில் இன்னொரு பட்டனும் சேர்த்தேன். "இப்போதைக்கு வை" என்று பெயர். விவசாயி பெயரும் மூட்டை எண்ணிக்கையும் இருந்தால் போதும், மற்றவை காலியாக இருந்தாலும் பதிவாகி, நிலுவைப் பட்டியலில் நிற்கும். ஈரம் பார்த்த பிறகு திறந்து முடிக்கலாம். இந்த யோசனை எனக்குத் தோன்றியதல்ல. "முதல்ல டிராக்டரை உள்ள விட்டுட்டு, அப்புறம் மீட்டர் பாத்துப் போடலாம்ல?" என்று அக்கா கேட்டதுதான். ஃபார்ம் எழுதும் முன், அதில் நாள் முழுவதும் தட்டப் போகிறவர் பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள்.

அடுத்த மழையில் ஆலைப் பட்டியலைப் பார்த்தேன். 18.2, 16.5, 20.1, 19.4. எண்கள் மோசமாகத்தான் இருந்தன. ஆனால் எல்லாம் மீட்டர் காட்டிய எண்கள்.